மைதிலிக்கு, அந்த 5432 பற்றி

அன்பு மைதிலி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி, சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போடச் சொல். மற்ற கதையெல்லாம் அப்புறம், முதலில் அந்த 5432. சர்வரின் ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூவில் அந்த போர்ட்டை (டேட்டாபேஸ் கேட்டுக்கொண்டிருக்கும் வாசல் எண்) மூடியாயிற்று, ஸ்டேட்டஸ் பார்த்தாலும் டினை (தடு) என்றுதான் காட்டுகிறது, ஆனால் வீட்டிலிருந்து மொபைல் டேட்டாவில் முயன்றால் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு கேட்கிறது என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் பதறிப்போனேன். அதில் இருப்பது உங்கள் வாடிக்கையாளர்களின் பெயர், போன் நம்பர், பாக்கிக் கணக்கு. அதனால் மேற்கொண்டு படிப்பதற்கு முன்னால் போய், டாக்கர் எந்தெந்தக் கன்டெய்னரை (தனிப் பெட்டியில் அடைத்து ஓட்டும் நிரலை) எப்படி ஓட்ட வேண்டும் என்று எழுதியிருக்கும் கம்போஸ் கோப்பில் "5432:5432" என்று இருக்கும் வரியை "127.0.0.1:5432:5432" என்று மாற்றிவிட்டு வா, அப்புறம் சர்வருக்குள்ளிருந்து மட்டும்தான் அதைத் தொட முடியும். ரீஸ்டார்ட் மட்டும் செய்தால் பழைய கன்டெய்னர் பழைய போர்ட்டோடேதான் எழுந்திருக்கும், கம்போஸ் அப் கொடுத்துப் புதிதாக உருவாக்க வேண்டும். டேட்டா கன்டெய்னருக்கு வெளியே வால்யூமில்தான் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டு செய்.

செய்துவிட்டாயா? சரி, இப்போது காரணம்.

சர்வருக்கு வரும் பாக்கெட் அந்த இயந்திரத்துக்கே உரியது என்றால் இன்புட் செயின், அதாவது அந்தப் பெயருள்ள விதிகளின் வரிசை, வழியாகப் போகும். வேறொரு முகவரிக்குக் கடந்து போக வேண்டியது என்றால் ஃபார்வர்டு செயின். நீ ஒரு போர்ட்டைப் பப்ளிஷ் செய்ததும் (வெளியே திறந்துவிட்டதும்) டாக்கர், முகவரி மாற்றும் நாட் டேபிளின் ப்ரீரூட்டிங் என்ற செயினில் ஒரு விதி போட்டு, வந்த பாக்கெட்டின் சேருமிடத்தை 172.18.0.3 மாதிரி ஒரு கன்டெய்னர் முகவரியாக மாற்றிவிடுகிறது. இது நடப்பது பாக்கெட் எங்கே போக வேண்டும் என்று கெர்னல் முடிவு செய்வதற்கு முன்னால். அதனால் கெர்னலைப் பொறுத்தவரை அது கடந்து போகிற பாக்கெட், இன்புட் பக்கமே வராது. நீ யுஎஃப்டபிள்யூவில் சொன்ன டினை விதி இன்புட்டில் உட்கார்ந்திருக்கிறது. கத்திப்பாராவில் கீழே நிற்கும் போக்குவரத்துக் காவலர் மேம்பாலத்தின் மேலே போகிற வண்டியை எப்படி நிறுத்துவார்? ஃபார்வர்டிலும் டாக்கர் தன் விதிகளை யுஎஃப்டபிள்யூவுக்கு முன்னால்தான் செருகி வைக்கும்.

நான் சொல்வதை நம்பாதே, நீயே பார். கெர்னலின் ஃபயர்வால் விதிகளைக் காட்டும் ஐபிடேபிள்ஸ் பட்டியலை வெர்போஸாக (விரிவாக) எடுத்தால் ஒவ்வொரு விதிக்கும் இடப்பக்கத்தில் எத்தனை பாக்கெட் அதில் பட்டது என்று ஒரு எண் இருக்கும். போர்ட்டை மாற்றுவதற்கு முன்பு எடுத்து வைத்த வெளியீடு இருந்தால் அதிலேயே தெரியும், உன் டினை விதிக்கு நேரே வெறும் பூஜ்யம், கீழே டாக்கர் செயினில் எண் ஏறியிருக்கும். ஃபயர்வால் பிரச்சினையில் நான் முதலில் பார்ப்பது இந்த எண்களைத்தான். விதி சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்பது அப்புறம், பாக்கெட் அந்த விதியைத் தொடவே இல்லை என்றால் விதியை எத்தனை தடவை திருத்தி என்ன பயன்?

இன்னொன்று, அந்த டேட்டாபேஸைப் பப்ளிஷ் செய்யவே வேண்டுமா என்று யோசி. பில்லிங் ஆப்பும் போஸ்ட்கிரஸும் ஒரே கம்போஸ் நெட்வொர்க்கில் இருந்தால் பெயர் சொல்லியே பேசிக்கொள்ளும், போர்ட்ஸ் வரியே தேவையில்லை. உண்மையிலேயே வெளியிலிருந்து, அதுவும் உங்கள் கிளை அலுவலக ஐபியிலிருந்து மட்டும் வர வேண்டிய போர்ட் ஏதாவது இருந்தால் அதற்குத்தான் டாக்கர்-யூசர் என்ற செயின் இருக்கிறது, நம் விதிகளுக்கென்றே விட்டு வைத்த இடம், டாக்கரின் சொந்த விதிகளுக்கு முன்னால் ஓடும். அங்கே இரண்டு இடத்தில் ஆட்கள் தடுமாறுகிறார்கள். ஒன்று, பாக்கெட் அங்கே வரும்போது முகவரி ஏற்கெனவே மாறியிருக்கும், ஆகவே 8443-ஐ உள்ளே 443-க்குத் திருப்பியிருந்தால் விதியில் எழுத வேண்டியது 443. இரண்டாவது, எஸ்டாப்ளிஷ்டு, ரிலேட்டட் பாக்கெட்டுகளை (ஏற்கெனவே தொடங்கிய இணைப்பைச் சேர்ந்தவற்றை) அனுமதிக்கும் வரி முதலில் இருக்க வேண்டும். அது இல்லாமல் வெளி இன்டர்ஃபேஸில் வருவதையெல்லாம் டிராப் செய்தால், கன்டெய்னர் வெளியே கேட்ட கேள்விக்கு வரும் பதிலும் சேர்ந்து செத்துவிடும்.

டாக்கரின் ஐபிடேபிள்ஸையே அணைத்துவிடச் சொல்லி யாராவது உனக்கு யோசனை சொல்வார்கள். கேட்காதே. அணைத்தால் போர்ட் மூடும், உண்மைதான், கூடவே கன்டெய்னரிலிருந்து இணையத்துக்குப் போகும் பாக்கெட்டுக்குச் சர்வரின் முகவரியைப் போட்டு அனுப்பும் மாஸ்கரேட் விதியும் போய்விடும், அதையெல்லாம் கையால் எழுதி வாழ்நாள் முழுக்க நீ பராமரிக்க வேண்டியிருக்கும்.

இனி உன் இரண்டாவது கேள்வி, கன்டெய்னருக்குள் இருக்கும் பில்லிங் ஆப் ஹோஸ்டில், அதாவது சர்வரிலேயே நேரடியாக, ஓடும் மெயில் சர்வரான போஸ்ட்ஃபிக்ஸுக்கு மெயில் அனுப்ப முடியவில்லை என்கிறாயே, அது இதற்கு நேர் எதிர். கன்டெய்னரிலிருந்து ஹோஸ்டின் சொந்த முகவரிக்குப் போகும் பாக்கெட் ஹோஸ்டுக்கே உரியது, எனவே இன்புட் வழியாகத்தான் வரும், அங்கே யுஎஃப்டபிள்யூ முழு அதிகாரத்தோடு நிற்கிறது, தடுத்துவிடுகிறது. அதாவது தடுக்க வேண்டியதைத் தடுக்காமல் விட்டதும், விட வேண்டியதைத் தடுத்ததும் ஒரே காரணத்தால்தான். கெர்னல் லாகில் யுஎஃப்டபிள்யூ பிளாக் என்று தேடிப் பார், உள்ளே வந்த இன்டர்ஃபேஸ் என்ற இடத்தில் பிஆர் என்று தொடங்கும் நீளமான பெயர் இருந்தால் அது கன்டெய்னர்களை ஹோஸ்டோடு இணைக்கும் உன் கம்போஸ் பிரிட்ஜ். அந்த பிரிட்ஜின் சப்நெட்டிலிருந்து (முகவரி வரம்பிலிருந்து) மெயிலுக்கான 25-ஆம் போர்ட்டுக்கு மட்டும் அனுமதி கொடு, போதும். போஸ்ட்ஃபிக்ஸ் 127.0.0.1-இல் மட்டும் காது கொடுத்துக்கொண்டிருந்தால் பிரிட்ஜின் கேட்வே முகவரியையும் (அந்த நெட்வொர்க்கில் ஹோஸ்டின் முகவரி) சேர்க்க வேண்டும், போஸ்ட்ஃபிக்ஸ் நம்பும் முகவரிகளின் மைநெட்வொர்க்ஸ் பட்டியலிலும் அந்த சப்நெட் இருக்க வேண்டும்.

எது குறை என்று பிழைச் செய்தியே சொல்லிவிடும். டைம் அவுட் ஆனால் வழியில் யாரோ பாக்கெட்டைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடுகிறார்கள். கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு என்றால் பாக்கெட் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிட்டது, அங்கே கேட்க ஆளில்லை. நீ எழுதியதில் எந்தச் செய்தி என்று இல்லை, அடுத்த முறை அதை அப்படியே காப்பி செய்து அனுப்பு.

இங்கே எங்களுக்கும் போன வாரம் ஒன்று வந்தது, உனக்குப் பிடிக்கும். பெருங்குடி அலுவலக சர்வரிலிருந்து மும்பைக்கு ஒரு வயர்கார்டு (விபிஎன்) டனல். அந்தப் பக்கம் டனல் ஒரு கேட்வேயில் முடியும், எங்கள் நிரல் கேட்கும் சேவையான ஏபிஐ அதற்குப் பின்னால் வேறொரு இயந்திரத்தில். ஹோஸ்டிலிருந்து கர்ல் அடித்தால் உடனே பதில் வருகிறது, கன்டெய்னருக்குள்ளிருந்து அடித்தால் கனெக்ட் ஆகிறது, பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தும் டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக்கில் அப்படியே தொங்குகிறது. கேட்வே வரை பிங் போகிறது. வெளியே கொட்டோ கொட்டென்று மழை, வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களை நிறுத்தத் தொடங்கிவிட்டார்கள், அதனால் லைன்தான் சரியில்லை என்று ஆபீஸில் எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். லைன் மோசமென்றால் ஹோஸ்டிலிருந்து மட்டும் எப்படி ஒவ்வொரு தடவையும் போகும்?

பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் போட்டு, இணைப்பைத் தொடங்கும் சின் பாக்கெட்டை ஹோஸ்டிலிருந்து போவதையும் கன்டெய்னரிலிருந்து போவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஹோஸ்டிலிருந்து போவதில் எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் ஏற்றக்கூடிய டேட்டாவின் உச்ச அளவு) 1380, கன்டெய்னரிலிருந்து போவதில் 1460. அவ்வளவுதான் வித்தியாசம். வயர்கார்டின் எம்டியு (முழு பாக்கெட்டின் உச்ச அளவு) 1420, அதில் ஹெடர்களுக்கு 40 போக 1380, ஹோஸ்டுக்கு அது தெரியும். கன்டெய்னருக்குத் தெரிந்ததெல்லாம் தன் பிரிட்ஜின் 1500, அதனால் 1460 வரை அனுப்பு என்று மும்பைக்குச் சொல்லிவிடுகிறது. சின்ன பாக்கெட்டெல்லாம் போய்வரும். சர்டிஃபிகேட் வரும்போதுதான் பாக்கெட் முழு அளவுக்குப் பெருகும், டனலில் நுழையாது, அந்த கேட்வே சின்னதாக அனுப்பு என்று, பிங்கும் பிழை அறிவிப்பும் போகிற ஐசிஎம்பியில் சொல்லும், ஏபிஐ இயந்திரமோ பாதுகாப்பு என்று ஐசிஎம்பி மொத்தத்தையும் தடுத்து வைத்திருந்தது. சொன்னது காதில் விழாமல் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருந்தது. எங்கள் பக்கம் பாக்கெட்டைத் திருத்தும் மேங்கிள் டேபிளின் ஃபார்வர்டில், சின் பாக்கெட்டில் இருக்கும் எம்எஸ்எஸ்ஸை டனலுக்கு ஏற்ற அளவுக்குக் குறைக்கும் எம்எஸ்எஸ் கிளாம்ப் ஒரு வரி போட்டோம், அந்த நிமிடமே சரியானது. மும்பைக்காரர்களிடம் இந்த அறிவிப்பு வரும் ஐசிஎம்பி டைப் 3-ஐயாவது திறக்கச் சொல்லியிருக்கிறோம். பிங்கை மறைக்க ஆசைப்பட்டு ஐசிஎம்பியையே மூடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, யாருடைய நேரமெல்லாம் இதில் வீணாகிறது!

உங்கள் பக்கமும் விபிஎன் இருக்கிறதென்றால் ஒன்று சொல்லிவிடுகிறேன், கம்போஸ் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் 172.18, 172.19 என்று எடுத்துக்கொண்டே போகும், விபிஎன்னும் அதே எண்களில் இருந்தால் ரூட் அடிபடும். டாக்கரின் டீமன் கோப்பில் (அமைப்புக் கோப்பில்) டிஃபால்ட் அட்ரஸ் பூல்ஸ் கொடுத்து வேறு வரம்புக்கு நகர்த்திவிடு.

வீட்டில் எல்லோரும் சுகம். பெரியவன் பிளஸ் டூ, கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்கிறான், நான் சரி என்றும் சொல்லவில்லை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மார்கழியில் ஒரு வாரமாவது வந்து தங்கு, காலைக் கச்சேரிக்குப் போய்விட்டு அப்படியே சபா கேன்டீனில் சாப்பிட்டு எத்தனை காலம் ஆகிறது.

5432 மூடியதும் மொபைல் டேட்டாவிலிருந்து மறுபடி ஒரு முறை முயன்று பார்த்து, என்ன வந்தது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடு. அந்த டேட்டாபேஸின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடு, திறந்திருந்த நாட்களின் போஸ்ட்கிரஸ் லாகில் தெரியாத ஐபி ஏதாவது இருக்கிறதா என்றும் பார். இருந்தால் எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு.

அன்புடன்,
கல்பனா