ஜேர்சி வேண்டாம் மகன், ஓர் இரவு போதும்

அன்புள்ள மகனுக்கு,

நீயும் உன்னோடு படித்தவர்களும் காசு சேர்த்து நம்மட மட்டக்களப்புக் கொலிஜ் கூடைப்பந்து அணிக்குப் புது ஜேர்சி அனுப்பப் போவதாக எழுதியிருந்தாய். இந்த முறை பொடியன்மார் எதுவரை போவார்கள் என்றும் கேட்டிருந்தாய். இரண்டுக்கும் பதில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. அதனால்தான் வட்சப்பில் நாலு வரி போடாமல் இந்தக் கடிதம்.

முதலில் அணியின் நிலை. வலய மட்டத்தில் பயமில்லை. மாகாணத்திலும் இறுதி ஆட்டம்வரை வருவார்கள். அகில இலங்கைப் போட்டியின் முதல் நாள் காலை மெட்ச்தான் கண்டம். அதைத் தாண்டினால் இந்த அணி யாரையும் மிரட்டும். தாண்டாமல் போனால் எல்லாரும் உயரத்தைத்தான் குறை சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கொழும்பு அணிகளுக்கும் நமக்கும் சராசரி உயரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் தரையிலும், வளையத்துக்குப் பின்னாலுள்ள போட்டிலும், தூக்கத்திலும் இருக்கிறது.

நம்மட பொடியன்மார் பழகுவது திறந்தவெளிக் கொங்கிறீட் தளத்தில். கச்சான் காற்று எழும்பினால் பின்னேரம் நாலு மணிக்குக் கூடக் காற்று பந்தைத் தள்ளும். உயர்த்தி எறிந்தால் பந்து விலகிப் போகிறதென்று பிள்ளைகள் தங்களை அறியாமலே தாழ்த்தி, நேர்கோட்டில் எறியப் பழகிவிடுகிறார்கள். இதை ஒரு கணக்கில் பார். வளையத்தின் உள்விட்டம் 45 சென்ரிமீற்றர், பந்தின் விட்டம் ஏறக்குறைய 24. மேலேயிருந்து நெட்டாக விழுகிற பந்துக்கு 45 உம் வாசல். 45 பாகைச் சாய்வில் வருகிற பந்துக்கு வாசல் சுமார் 32 ஆகச் சுருங்கும். 30 பாகையில் வந்தால் இருபத்திரண்டரைதான், பந்து சுத்தமாக உள்ளே போக இடமே கிடையாது, வளையத்தில் அடிபட்டு உருண்டு விழுந்தால்தான் உண்டு. நம்மட அணியின் மூன்று புள்ளி எறிகள் முன்விளிம்பில் பட்டுத் திரும்புவதற்குக் காரணம் இதுதான். கையில் பலமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே. காற்றில்லாத விடிகாலையில், வளையத்துக்கு 3 மீற்றர் தள்ளி நின்று உயர்த்தி எறிந்து பழகி, பிறகு ஒவ்வோர் அடியாகப் பின்னால் போக வேண்டும். 6.75 மீற்றர்க் கோட்டில் நின்று தொடங்கினால் பழைய தாழ்ந்த எறிதான் திரும்பி வரும்.

அடுத்தது போட். நம்மட தளத்தில் இருப்பது பலகைப் போட். வெயிலும் மழையும் உப்புக்காற்றும் பட்டு உள்ளே தளர்ந்தது. அதில் பந்து செத்து விழும். பொடியன்மார் அதற்கேற்ற வேகத்தில் பலமாக அடித்துப் பழகிவிட்டார்கள். உள்ளரங்கிலுள்ள கண்ணாடிப் போட்டில் அதே பலத்தில் அடித்தால் பந்து வளையத்துக்கு மேலால் வெளியே வந்துவிடும். வளையத்தடிவரை ஓடிப்போய்ப் போடுகிற லேஅப்பே தவறும்! நீ பார்த்தால் தலையில் கை வைப்பாய். இதைத் திருத்த மாதக்கணக்கு வேண்டாம், ஒரு மணித்தியாலம் அந்தப் போட்டில் அடித்துப் பார்த்தால் கை தானாகக் கணக்கெடுக்கும். போட்டுக்குப் பின்னால் வானத்தையும் மரத்தையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கண்ணாடிக்குப் பின்னால் ஆட்கள் அசைவது தூரத்தைக் குழப்பும். அதுவும் அந்த ஒரு மணித்தியாலத்தில் தெளிந்துவிடும்.

அந்த ஒரு மணித்தியாலம்தான் நம்மட அணிக்குக் கிடைப்பதில்லை. இரவு பஸ்ஸில் ஏறி, 300 கிலோமீற்றருக்கு மேல் முழங்காலை மடக்கிக்கொண்டிருந்து, விடியக் கொழும்பில் இறங்கி, எங்கேயோ முகம் கழுவி, காலை மெட்ச்சுக்குப் போகிறார்கள். முதல் கால்பகுதி 10 நிமிடமும் கால் விறைத்து ஓடுகிறார்கள். கால் எழும்பாத நேரத்தில் கைதான் முந்தும், கை முந்தினால் பவுல். மூன்றாவது கால்பகுதியில் அவர்கள் விளையாட்டு திரும்பி வரும்போது புள்ளி இடைவெளி பெரிதாகிவிடும். பின்பாதியை மட்டும் பார்த்தவன் இந்த அணி எப்படித் தோற்றது என்று கேட்பான்.

ஆகவே ஜேர்சிக்கு வைத்திருக்கிற காசை அணி கொழும்பில் ஓர் இரவு தங்குவதற்குக் கொடுங்கள். 12 விளையாட்டுக்காரர், பயிற்றுநர், பொறுப்பாசிரியர், 14 பேர். மெட்ச்சுக்கு முந்தின நாள் உதயதேவி ரயிலில் போனால் கால் நீட்டி எழும்பி நடக்கலாம். பின்னேரம் ஏதாவது ஓர் உள்ளரங்கில் ஒரு மணித்தியாலம் எறிந்து பார்க்க வேண்டும், போட்டி நடக்கிற அரங்கே கிடைத்தால் மிக நல்லது. இராச்சாப்பாடு எட்டு மணிக்குள். காலையில் மெட்ச்சுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு முன் சோறோ இடியப்பமோ, எண்ணெய் குறைத்து. தேசிக்காய்த் தண்ணியில் சீனியோடு ஒரு சிட்டிகை உப்பும் போட்டுப் போத்தல்களில் நிரப்பிக்கொண்டு போகவேண்டும். வெறும் தண்ணியை மட்டும் குடித்து ஓடுகிற பிள்ளைக்குக் கடைசிக் கால்பகுதியில் கெண்டைக்கால் பிடிக்கலாம்.

விளையாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும், நீ கேட்காமல் விடமாட்டாய்.

7 ஆம் இலக்கப் பொடியன் பந்தைக் கொண்டுவருகிறான். நல்ல கை, நல்ல கண், இரண்டு கையாலும் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடி டிரிபிள் செய்கிறான். ஆனால் எதிரணி தளம் முழுக்க நெருக்கி மறித்து ப்ரெஸ் போட்டால் பக்கக்கோட்டோரம் ஓடுகிறான். நடுக்கோட்டைத் தாண்டியவுடன் அந்த மூலையில் இரண்டு பேர் மறிப்பார்கள். பின்னால் திரும்பினால் நடுக்கோட்டு மீறல், ஒரு பக்கம் வெளிக்கோடு, முன்னால் இரண்டு உடம்பு. அந்தப் பெட்டிக்குள் போன பந்து எதிரிக்குத்தான். பின்தளத்தைக் கடக்க 8 வினாடி இருக்கிறது, அது அவன் நினைப்பதைவிட நீண்ட நேரம். நெடிய பொடியன் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் தளத்தின் நடுவே வந்து கையை உயர்த்தி நிற்கவேண்டும். முதல் பாஸ் பக்கத்துக்கு, இரண்டாவது பாஸ் நடுவுக்கு, மூன்றாவது பாஸ் எதிர்ப் பக்கத்தில் ஓடுகிறவனுக்கு. டிரிபிள் செய்து ப்ரெஸை உடைக்க முடியாது, பாஸ்தான் உடைக்கும்.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். எதிரி புள்ளி போட்ட பிறகு அடிக்கோட்டுக்கு வெளியே பந்தை எடுக்கிறவன் அந்தக் கோட்டோரமாக ஓடலாம், கோட்டுக்கு வெளியே நிற்கிற தன் ஆளுக்குப் பாஸும் கொடுக்கலாம். 5 வினாடிக்குள் விட்டால் சரி. மற்ற வெளிப்பந்துகளுக்குத்தான் அந்தச் சுதந்திரம் இல்லை. இவர்கள் எல்லாவற்றுக்கும் ஆணியடித்தமாதிரி நிற்கிறார்கள்.

டிபென்ஸில் பயிற்றுநர் 2-3 சோன் போடுகிறார், முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர், ஆளை விட்டு இடத்தைக் காப்பது. நெடியவனை வளையத்தடியில் காப்பாற்ற வேறு வழியில்லை, அவர் செய்வது சரி. சோனில் ஆளுக்கு ஆள் பொறுப்பில்லாததால் எறி போனவுடன் ஐந்து பேரும் பந்தை அண்ணாந்து பார்க்கிறார்கள், யாரும் யாரையும் முதுகால் மறிப்பதில்லை. பந்து கையை விட்டவுடன் தன் பகுதியில் நிற்கிற ஆளைத் தேடி முதுகு கொடுத்துவிட்டுப் பிறகுதான் மேலே பார்க்கவேண்டும். தூரத்திலிருந்து வருகிற எறி தவறினால் பந்து பெரும்பாலும் எதிர்ப் பக்கத்தில், அதுவும் தள்ளித்தான் விழும். வளையத்தடியிலேயே மூன்று பேர் குவிந்து நின்றால் பயனில்லை.

நெடியவனுக்கு முதல் கால்பகுதியிலேயே இரண்டு பவுல் வந்துவிடுகிறது. குதித்து வாங்கிய பவுல்கள் குறைவு, பந்து எதிரியின் கைக்குப் போன பிறகு மேலேயிருந்து கையை இறக்குவதால்தான். அவன் செய்யவேண்டியது கையை நெட்டாக உயர்த்தி நிற்பது மட்டுமே. அவன் பெஞ்சுக்குப் போனால் சோன் உடைகிறது. ஐந்தாவது பவுலோடு அவன் வெளியே. ஒரு கால்பகுதியில் அணிக்கு நாலு பவுல் ஆகிவிட்டால் ஐந்தாவதிலிருந்து ஒவ்வொன்றும் எதிரிக்கு, யாரும் மறிக்காமல் நின்று எறிகிற இரண்டு ப்ரீ த்ரோ.

ப்ரீ த்ரோ என்றதும் நெஞ்சு பதைக்கிறது, மகன். 20 கிடைத்து பாதி விழுந்தால் 10 புள்ளி, முக்கால்வாசி விழுந்தால் 15. நெருக்கமான மெட்ச்சில் அந்த ஐந்துதான் வெற்றி. பயிற்சி தொடங்கும்போது களைப்பில்லாமல் நின்று ஐம்பது எறிகிறார்கள், அதெல்லாம் விழும். தளத்தை நாலு முறை முழு வேகத்தில் ஓடிவிட்டு, மூச்சு வாங்க இரண்டு எறியவேண்டும். மறுபடி ஓட்டம், மறுபடி இரண்டு. மெட்ச்சில் அப்படித்தானே வருகிறது? பந்து கைக்கு வந்ததும் 5 வினாடி உண்டு. ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணிக்கையில் பந்தைத் தட்டி, ஒரு மூச்சை விட்டு எறிகிற பழக்கம் 7 ஆம் இலக்கத்துக்கு மட்டும்தான் இருக்கிறது.

பந்து கிடைத்தால் 24 வினாடிக்குள் எறியவேண்டும், அதைக் காட்டுகிற மணிக்கூடு நம்மட தளத்தில் இல்லை. அதனால் நேரத்தின் உணர்வே இல்லாமல் பந்தைச் சுற்றுகிறார்கள், மணிக்கூடு உள்ள அரங்கில் கடைசி 3 வினாடியில் பதறி எறிகிறார்கள். இதற்குச் செலவே இல்லை. ஒருவர் ஸ்டொப்வோச்சைப் பிடித்து, எட்டு வினாடி மிச்சமிருக்கும்போது "எட்டு" என்று கத்தினால் போதும். எதிரியின் வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தை நாமே பிடித்தால் 14 வினாடிதான் என்பதையும் சேர்த்துப் பழக்கவேண்டும்.

அடுத்த வருடம்? முதல் ஐந்து பேரில் மூன்று பேர் உயர்தரம் முடித்துப் போகிறார்கள். கீழ்ப் பிரிவில் ஓர் இடதுகைப் பொடியன் இருக்கிறான், அவனை இப்போதே பெஞ்சில் ஏற்றிக்கொண்டால் நல்லது. இன்னொருவன் ஒரே வருடத்தில் மளமளவென்று வளர்ந்துவிட்டான், முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து நோகிறதாம். வளருகிற வயதில் கொங்கிறீட்டில் குதித்தால் அப்படி வரும். பயிற்சியைக் குறைத்து, முடிந்தவுடன் ஐஸ் வைத்து, தொடைத் தசையை இழுத்துப் பழக்கினால் ஆறும். கோப்பை ஆசையில் அவனை இந்த முறை முழு மெட்ச் ஓடவிடக் கூடாது என்று பயிற்றுநரிடம் சொல்லியிருக்கிறேன். ரியூசனால் கிழமையில் இரண்டு நாள் பாதிப் பேர்தான் வருகிறார்கள், அதற்கு மருந்தில்லை.

இந்த ஊரில் கூடைப்பந்து சும்மா வந்ததல்ல. கடல் கடந்து வந்த அமெரிக்க இயேசு சபைக் குருமார் ஊன்றிவிட்டுப் போனது. வெபர் அடிகளாரின் பெயரில் மைதானம் நிற்கிறது. கூடைப்பந்து சொல்லிக்கொடுத்த யூஜின் ஹேபர்ட் அடிகளார் 1990 ஆகஸ்டில் காணாமல் போனார், இன்றுவரை திரும்பவில்லை. அவ்வளவு கொடுத்து வளர்த்த விளையாட்டு, பஸ்ஸில் தூங்காத ஓர் இரவால் தோற்கக் கூடாது.

இரவுச் செலவு போக மிச்சமிருந்தால் பந்து அனுப்புங்கள். 7 ஆம் இலக்க அளவு, போட்டியில் பாவிக்கிற வகையிலேயே இரண்டு, கொங்கிறீட்டுக்கு நல்ல ரப்பர்ப் பந்து ஆறு. போட்டிப் பந்தைக் கொங்கிறீட்டில் அடித்தால் சில கிழமையில் தோல் தேய்ந்து வழுக்கும், அதை உள்ளரங்குக்கென்று ஒதுக்கிவைக்கவேண்டும். காற்றடிக்கிற ஊசி பத்து சேர்த்துப் போடு, அவைதான் முதலில் தொலையும். ஊசியை நனைக்காமல் குத்தினால் வால்வு கிழியலாம். பந்துகளைத் தகரக் கூரை அறையில் வைக்கிறார்கள், மத்தியானச் சூட்டில் காற்று விரிந்து கல்லாகிவிடும், விடியற்காலையில் தொய்ந்து கிடக்கும். விளையாடப் போகிற நேரத்தில்தான் பார்க்கவேண்டும். பந்தின் அடி 1.8 மீற்றர் உயரத்தில் இருக்கப் பிடித்துவிட்டால், துள்ளும் பந்தின் மேல்விளிம்பு 1.2 க்கும் 1.4 க்கும் இடையில் நிற்கவேண்டும்.

வலை நாலு சோடி. வளையத்தில் 12 கொழுக்கி, அதற்குப் பொருந்துகிற நைலோன் வலை, பருத்தி வேண்டாம், மாரி மழையில் உக்கிப்போகும். வலை இல்லாத வளையத்தில் எறிந்தால் பந்து உள்ளே போனதா பக்கத்தால் போனதா என்று தூரத்திலிருந்து தெரியாது, எறிகிற பிள்ளை தன் பிழையைக் காணமாட்டான். வளையத்தைப் பிடித்திருக்கிற நட்டுகள் துருப்பிடித்து வளையம் முன்னால் சாய்ந்திருக்கிறது. துருப்பிடிக்காத நட்டுகளை இங்கேயே வாங்கி, தரையிலிருந்து 3.05 மீற்றர் அளந்து மட்டம் வைத்துப் பூட்டலாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

காசைப் பொறுப்பாசிரியரின் பெயருக்கு அனுப்பாமல் பழைய மாணவர் சங்கக் கணக்குக்கே போடு, பற்றுச்சீட்டு வரும். மாகாணப் போட்டி முடிந்த கையோடு அறை பிடிக்கவேண்டும், பிந்தினால் 14 பேருக்கு ஒரே இடம் கிடைக்காது. பந்தும் வலையும் மாரிக்கு முன் வந்தால் போதும்.

அம்மா சுகம். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போகச் சொன்னா.

இப்படிக்கு,
அப்பா