கித்தா போய் கித்தான் வந்த கதை: சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பா,

போன வாரம் நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு போனில் ஒரு கேள்வி கேட்டீர்கள். "பட்டாளத்து வண்டியில் ஏறிக்கொண்டு சண்டைக்காலத் திருவிழாவுக்குப் போகிறாயே, அந்தச் சண்டை நம் வீட்டை என்ன செய்தது என்று மறந்துபோச்சா?" குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அன்று எனக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியிலிருந்தே தொடங்குகிறேன். அது பி.எஸ்.ஏ. எம்20 என்ற மோட்டார் சைக்கிள். ஒற்றை சிலிண்டர், 496 சிசி, வெறும் 13 குதிரைசக்தி. பிரிட்டிஷ் படைக்காக இரண்டாம் உலகப் போரில் சுமார் 1,26,000 வண்டிகளைச் செய்தார்கள். என்னுடையது 1942-ல் செய்தது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஸ்மால் ஹீத் என்ற இடத்தில் அதன் தொழிற்சாலை. 1940 நவம்பர் 19 இரவு ஜெர்மன் விமானங்கள் அங்கே குண்டு போட்டதில் இரவு ஷிஃப்டில் இருந்த 53 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகும் வண்டி செய்வது நிற்கவில்லை. கம்பியும் வயர்லெஸ்ஸும் எட்டாத இடங்களுக்குக் கடிதப்பையை மாட்டிக்கொண்டு ஓடிய தூதுக்காரர்களை 'டான் ஆர்' என்பார்கள். எதிரி விமானத்துக்குத் தெரியக்கூடாது என்று விளக்கை மூடி, ஒரு கீற்று வெளிச்சத்தை மட்டும் விட்டிருப்பார்கள். பின் மட்கார்டில் கொஞ்சம் வெள்ளைப் பெயின்ட். பின்னால் வருகிறவனுக்கு அதுதான் அடையாளம். அந்த விளக்கு மூடியும் வெள்ளைப் பட்டையும் என் வண்டியில் இன்றும் இருக்கின்றன.

அதைக் கிளப்புவதற்கு ஒரு முறை இருக்கிறது. பெட்ரோலைத் திறக்க வேண்டும். கார்புரேட்டரின் பக்கத்தில் இருக்கும் சின்னப் பொத்தானைப் பெட்ரோல் கசிகிற வரைக்கும் அழுத்த வேண்டும். பொறி விழும் நேரத்தைத் தள்ளிப்போட ஹேண்டில்பாரில் ஒரு லீவர் இருக்கிறது, அதைப் பின்னுக்குக் கொண்டுவர வேண்டும். இன்னொரு லீவரைப் பிடித்து சிலிண்டரின் அழுத்தத்தை விடுவித்து, கிக்கரை மெல்ல சரியான இடத்துக்கு நகர்த்த வேண்டும். அப்புறம் ஒரே மிதி. அவசரமாக மிதித்தால் கிளம்பாது. சரியாக மிதித்தால் 'தொப்... தொப்... தொப்' என்று, உரலில் யாரோ நிதானமாக இடிப்பதுபோல ஓடும். அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் மனம் அமைதியாகிவிடுகிறது. இதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை.

ஹெல்மெட்டில் ஒரு கதை உண்டு. 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று பேர்பெற்ற டி. இ. லாரன்ஸ் 1935-ல் மோட்டார் சைக்கிளில் விழுந்து தலையில் அடிபட்டு இறந்தபோது, பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ். அந்தச் சாவு அவரை விடவில்லை. போர் வந்ததும் பட்டாளத்து மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-ல் கட்டுரை எழுதினார். அந்த ஆண்டு முடிவதற்குள் படையில் ஹெல்மெட் கட்டாயமானது. இன்று நம் பிள்ளைகள் தலையில் ஹெல்மெட் இருப்பதில் அந்த மனிதருக்கும் பங்கு உண்டு. நான் போகும்போது இந்தக் காலத்து ஹெல்மெட்தான். போர்க்கால ஹெல்மெட் பையில் வரும், அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தலைக்கு ஏறும்.

அந்தத் திருவிழா நடப்பது இங்கிலாந்தில், யார்க்‌ஷயரில் ஹாவர்த் என்ற மலைக்கிராமத்தில், மே மாதம். நான் ஹாலிஃபாக்ஸிலிருந்து கிளம்பி, கால்டர் பள்ளத்தாக்கு வழியாக ஹெப்டன் பிரிட்ஜ் போய், அங்கிருந்து மலையேறினேன். பின்சக்கரத்துக்கு சஸ்பென்ஷனே கிடையாது, சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்தான் எல்லாம். ரோட்டில் ஒரு குழி இருந்தால் முதுகெலும்பு முழுக்கச் சொல்லும். ஏற்றத்தில் வண்டி அவசரப்படாது, ஆனால் நிற்கவும் செய்யாது. எதிர்ப்பக்கக் குன்றின் மேல் ஸ்டூட்லி பைக் என்ற கருங்கோபுரம் தெரியும். நெப்போலியன் தோற்றதற்காகக் கட்டியது. 1854-ல், பிரிட்டன் கிரிமியப் போரில் இறங்கிய வருஷம், அது இடிந்து விழுந்தது. 1856-ல் போர் முடிந்த வருஷம் மறுபடி கட்டினார்கள். மேலே ஏறிவிட்டால் மரமே கிடையாது, காய்ந்த புல்லும் காற்றும்தான். நம் ஆட்காட்டிக்குச் சொந்தக்காரப் பறவை ஒன்று கத்திக்கொண்டே தலைக்கு மேல் சுற்றியது. அங்கே வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் நின்றேன். மறுபடி கிளப்பும்போது சூடாக இருக்கிற என்ஜினில் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டேன். அது என் தவறு. பெட்ரோல் அதிகமாகப் போய் ஸ்பார்க் பிளக் நனைந்துவிட்டது, அதைக் கழற்றித் துடைத்துக் காயவைக்கக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரத்தில்தான் கைப்பிடியைக் கவனித்துப் பார்த்தேன்.

சித்தப்பா, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் ரப்பர் கைப்பிடி இருக்காது. பழுப்பு நிறத்தில் கித்தான் துணி சுற்றியிருக்கும். அழகுக்காகச் செய்ததல்ல. 1941 டிசம்பர் 8-ம் தேதி ஜப்பான் படை மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. நேச நாடுகளுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு அதோடு நின்றுபோனது. மிச்சத்தில் பெரும்பங்கு இலங்கையிலிருந்து வந்தது. அதை டயருக்கென்று ஒதுக்கிவிட்டு, கைப்பிடிக்குத் துணி போதும் என்று முடிவுசெய்தார்கள். மலாயாவில் நம் தோட்டத்தில் ரப்பரை என்னவென்று சொல்வோம்? கித்தா. கித்தா போன இடத்தில் கித்தான் வந்தது. ஒரே ஓர் எழுத்து.

அந்தக் கித்தாவை யார் வெட்டினார்கள்? தாத்தாவும் பெரிய தாத்தாவும்தானே. விடியும் முன்னே வாளியைத் தூக்கிக்கொண்டு போய், பட்டையில் கத்தியை வைத்துப் பால் இறக்கியவர்கள். ஜப்பான்காரன் வந்ததும் பால் வாங்க ஆள் இல்லை, அரிசி இல்லை. "மூணு மாச வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி" என்று சொல்லி லாரியில் ஏற்றினார்கள் என்று தாத்தா சொன்னதை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத்தான். 1943 அக்டோபரில் இரண்டு முனையும் சேர்ந்தன. நேச நாட்டுப் போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் அங்கே செத்தார்கள். காஞ்சனபுரியில் அவர்களுக்குக் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயர், புல் வெட்டிப் பராமரிக்கிறார்கள். கொண்டுபோன ஆசியத் தொழிலாளர்களில் செத்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் நம் தோட்டத் தமிழர்கள். பெயர் எழுதிய கல் எங்கே? தாத்தா காலில் ஆறாத புண்ணோடு திரும்பி வந்தார். பெரிய தாத்தா வரவில்லை.

சரி, ஹாவர்த்துக்கு வருகிறேன். கல் பாவிய செங்குத்தான தெரு, இரண்டு பக்கமும் கொடிகள். கழுத்தில் அட்டையைக் கட்டிக்கொண்டு, குண்டுவீச்சுக்குப் பயந்து நகரத்தை விட்டு அனுப்பப்பட்ட பிள்ளைகளைப்போல வேடமிட்ட குழந்தைகள். வாயு முகமூடிப் பெட்டியைத் தோளில் மாட்டிய பாட்டிமார். அந்தக் காலத்து இசைக்கு ஜோடி ஜோடியாக ஆட்டம். நீங்கள் நினைப்பதுபோல இவர்கள் சண்டையைக் கொண்டாடுகிறவர்கள் அல்ல, சித்தப்பா. ஒரு கிழவர் தன் அப்பாவின் பதக்கங்களைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். எனக்குக் காட்டும்போது அவர் கை நடுங்கியது. அவர்களுக்கு அது அப்பா அம்மாவின் இளமை. ஆனால் ஒரு குறை எனக்கு உண்டு, அதை மறைக்க மாட்டேன். அந்தத் தெரு முழுக்கத் தேடினாலும் போர் இங்கிலாந்திலும் பிரான்சிலும் மட்டுமே நடந்ததுபோல இருக்கும். ரேஷனில் ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ் தேயிலை என்று எழுதிவைக்கிறார்கள். அந்தத் தேயிலையைப் பறித்த கை எந்தப் பலகையிலும் இல்லை.

வண்டிகளை நிறுத்தியிருந்த புல்வெளியில், பக்கத்தில் மேட்ச்லெஸ் ஜி3எல் என்ற இன்னொரு பட்டாளத்து வண்டியைக் கொண்டுவந்திருந்த ஒருவர், பார்க்க வந்த பையனுக்கு என் கைப்பிடியைக் காட்டி, "ரப்பர் தீர்ந்துபோச்சு, அதான் துணி" என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். நான் உட்கார்ந்து பையனிடம் சொன்னேன், தீரவில்லை, மரமெல்லாம் அங்கேயேதான் நின்றது, தோட்டத்தை ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டான், வெட்டுகிறவர்களையும் கொண்டுபோய்விட்டார்கள் என்று. பையன் கித்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "நீங்கள் அங்கே இருந்து வந்தவரா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். மேட்ச்லெஸ்காரர் தன் வண்டியின் கைப்பிடியைக் குனிந்து பார்த்தார். பிறகு தேநீர் வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். ஒரு மணி நேரம் பேசினோம்.

அதற்காகத்தான் போகிறேன், சித்தப்பா. அடுத்த வருஷமும் போவேன். உங்களிடம் ஓர் உதவி வேண்டும். தாத்தாவின் பால்வெட்டுக் கத்தி சாமி மேடைக்குக் கீழே தகரப்பெட்டியில் இருக்கிறது என்று அம்மா சொன்னார். கத்தியை அனுப்ப வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும். வெளிச்சத்தில் வைத்து இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள். பெரிய தாத்தாவின் முழுப்பெயரை, அவருடைய அப்பா பெயரோடு, உங்கள் கையெழுத்திலேயே ஒரு தாளில் எழுதி அதையும் சேர்த்து அனுப்புங்கள். வண்டியின் பக்கத்தில் வைக்க ஒரு சின்னப் பலகை செய்துகொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்