ஆகாயக் கணக்கும் டிக்கெட் நேரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் ஊருக்கு ஊர் விமான தூரமும் பயண நேரமும் அட்டவணையாகப் போட்டிருந்தீர்கள். களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு வாடகைக் கார் ஓட்டுகிறேன். எங்கள் ஸ்டாண்டில் அந்தப் பக்கத்தை வெட்டிச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். சவாரி வருகிறவர்களும் அதைப் பார்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

திருவனந்தபுரத்திலிருந்து சென்னை நேர்கோட்டில் 600 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தூரம் சரி. மாலத்தீவின் மாலேயும் ஏறத்தாழ அதே தூரம்தான், அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும், அவ்வளவே. ஆனால் மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வகுத்து முக்கால் மணி நேரம் என்று போட்டால் எப்படி? அந்த வேகம் மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான். 35,000 அடியில் பறக்கும் ஜெட், ஊருக்கு 200 கிலோமீட்டர் இருக்கும்போதே இறங்க ஆரம்பித்துவிடும். சென்னைப் பயணத்தில் மூன்றில் ஒரு பங்கு இறக்கத்திலேயே போகிறது. டிக்கெட்டில் வரும் நேரமோ, விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வது முதல் அங்கே போய் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அதில் சேர்த்திதான்.

வளைகுடா கணக்கில்தான் பெரிய குழப்பம். துபாய் 3,000 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காலை 4 மணிக்குப் புறப்பாடு, 6.45க்கு வருகை என்று டிக்கெட்டில் இருந்தால், அது இரண்டே முக்கால் மணி நேரம் இல்லை. துபாய் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். பயணம் நாலேகால் மணி நேரம். இது தெரியாமல் ஒரு அம்மா, மகனை ஏற்றிவிட்ட அன்று காலை ஏழு மணிக்கு எனக்குப் போன் போட்டு, "தம்பி, பய போன் எடுக்க மாட்டேங்கானே, பிளேன் எறங்கிருக்குமா?" என்று அழுதார். "அம்மா, அங்கே இப்ப அஞ்சரைதான். எட்டேகாலுக்கு மேல் அடியுங்க" என்றேன். எட்டரைக்கு அவரே கூப்பிட்டு, பையன் பேசிவிட்டான் என்றார்.

போக, வர ஒரே நேரத்தைப் போட்டிருப்பதும் சரியில்லை. குளிர்காலத்தில் மேலே மேற்குக் காற்று பலமாக அடிக்கும். துபாய்க்குப் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது தள்ளிவிடும் காற்று.

அப்புறம், எந்தக் கணக்கிலும் வராத ஒன்று உண்டு. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயிலில் சாமியை நீராட்டக் கொண்டுபோகும் ஆராட்டு ஊர்வலம் ரன்வேயைக் கடந்துதான் சங்குமுகம் கடலுக்குப் போகும். அன்று மாலை சில மணி நேரம் விமானமே கிடையாது. உலகத்தில் வேறெங்கே சாமிக்காக விமானம் காத்திருக்கிறதோ! ஏர்போர்ட்டில் முன்கூட்டியே அறிவித்து நேரத்தை மாற்றிவிடுவார்கள். பழைய டிக்கெட் நேரத்தை நம்பி வண்டி பிடிப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்த முறை தூரத்துக்குப் பக்கத்தில் போக ஒரு நேரம், வர ஒரு நேரம், கடிகார வித்தியாசம் மூன்றையும் போடுங்கள். திருவனந்தபுரம் என்றால் டெர்மினலையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று சங்குமுகம் பக்கம், இன்னொன்று சாக்கை பக்கம், நடுவில் ரன்வே. பாலராமபுரம் நெரிசலில் நீந்தி வந்து தப்பான வாசலில் இறங்கினால், சுற்றிக்கொண்டு போவதற்குள் கவுண்டரை அடைத்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
வாடகைக் கார் ஓட்டுநர்,
களியக்காவிளை