மீந்துபோன மாத்திரைகள்

அன்புள்ள ஜெயாவுக்கு,

நீ அனுப்பிய மூன்று குரல் பதிவுகளுக்கும் நான் பதில் சொல்லவில்லை. திட்டியிருப்பாய், திட்டியது நியாயம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, சின்னவன் எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டான், உங்கள் வீட்டு மாமரம் இந்த வருடமும் பக்கத்து வீட்டுப் பக்கமாகவே காய்த்தது. நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது. உன் தம்பி ஞாயிற்றுக்கிழமை மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறான் என்று தெரிந்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே நீ எனக்குச் சமாதானம் சொல்ல வந்துவிடுவாய். நான் சொல்லி முடிக்கும் வரை நீ குறுக்கே பேசக் கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதம்.

டீ மாஸ்டர் ஐயா போய்விட்டார். சென்ற ஞாயிற்றுக்கு முந்தைய ஞாயிறு, விடியற்காலை நான்கு மணிக்கு.

ஆண்டிபட்டிப் பக்கம் நாற்பது ஆண்டுகள் டீ ஆற்றியவர் அவர். கடைக்கு வருபவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, இவருக்கு லைட், அவருக்குச் சீனி கம்மி என்று கை தானாகக் கலக்குமாம். இடது கன்னத்தில் எந்நேரமும் அடக்கி வைத்திருந்த புகையிலை அதே கன்னத்தைப் புண்ணாக்கியது. கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பிறகும் நோய் திரும்பி வந்து கன்னத்தை வெளியே துளைத்த நிலையில்தான் அவர் நான் வீடு தேடிப் போய்ப் பார்க்கும் நோயாளிகளின் பட்டியலில் சேர்ந்தார். நாற்றம் தாங்காமல் பேரப்பிள்ளைகளே வாசலோடு நின்றுகொண்டிருந்தார்கள். நாம் கோழிக்கோட்டில் வலி தணிப்புப் பயிற்சியில் கற்றுக்கொண்டபடி மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவி டிரஸ்ஸிங் செய்தேன். ஒரு வாரத்தில் பிள்ளைகள் கட்டில் வரைக்கும் வந்துவிட்டார்கள்.

சாப்பாடெல்லாம் மூக்கு வழியாகப் போட்ட குழாயில்தான். ஒருநாள் அதில் டீ ஊற்றச் சொல்லி அடம்பிடித்தார். வெறும் டீ இல்லை. வடிகட்டி, நன்றாக ஆற்றி, நுரை அடங்கிய பிறகு ஊற்ற வேண்டுமாம். ருசியே தெரியாதே ஐயா என்று கேட்டேன். சிலேட்டை வாங்கி, "ஏப்பத்துல தெரியும்" என்று எழுதிக் காட்டினார். அவர் மனைவி, அந்த அம்மா, பிஸ்டனைக் கழற்றிய சிரிஞ்சைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து ஊற்றினார். ஐயா கண்ணை மூடிக் காத்திருந்தார். ஏப்பம் வந்ததும் விரலை ஆட்டி, சீனி போதாது என்றார். நானும் அம்மாவும் சிரித்த சிரிப்பில் சிரிஞ்சே கீழே விழுந்தது. நீ மட்டும் அங்கே இருந்திருந்தால் இடியாப்பக் கதையை மறந்திருப்பாய்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் நாள் வலி எவ்வளவு என்று விரலால் காட்டச் சொன்னபோது, பத்து விரலையும் விரித்துவிட்டுக் கால் விரல்களையும் சுட்டிக்காட்டினார். டாக்டர் மார்ஃபின் எழுதினார். 10 மில்லிகிராம் மாத்திரை, காலை ஆறு, பத்து, பகல் இரண்டு, மாலை ஆறு மணிக்கு ஒவ்வொன்று, இரவு பத்துக்கு இரண்டு. அதை வாங்க எவ்வளவு அலைய வேண்டியிருந்தது என்பதை உனக்குச் சொல்லத் தேவையில்லை. 1985இல் வந்த போதைப் பொருள் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து ஆஸ்பத்திரிகள் மார்ஃபினை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. 2014இல் சட்டத்தைத் திருத்தித் தளர்த்தினார்கள். ஆனால் அந்தப் பயம் மட்டும் இன்னும் மருந்து அலமாரிகளை விட்டு இறங்கவில்லை. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் மார்ஃபின் எடுக்கும் அபினிச் செடியை அரசு உரிமம் கொடுத்துப் பயிரிட வைக்கிறது. நாம் குருமாவுக்கு அரைக்கும் கசகசாவும் அதே செடியின் விதைதான். இருந்தும் நம் ஊரில் புற்றுநோய்க்காரர் ஒருவருக்கு அந்த மாத்திரை கிடைக்க நான் இரண்டு பேருந்து மாறிப் போய், மூன்று இடத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

அந்த எரிச்சலோடு போய், மாத்திரையை அம்மாவின் கையில் கொடுக்கும்போது நான் சொன்ன வார்த்தைகள் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன. "அம்மா, இது லேசில் கிடைக்கிற மாத்திரை இல்லை. ஒன்று தொலைந்தாலும் நான்தான் பதில் சொல்லணும். பத்திரமா வச்சுக்குங்க." அவரும் தலையாட்டிவிட்டு, அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த பிஸ்கட் டப்பாவில் வைத்து மூடினார். வேளாவேளைக்குக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னேன்தான். ஆனால் எதை அழுத்திச் சொன்னேன் என்று யோசித்துப் பார், ஜெயா. கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டி, வலி வந்த பிறகு கொடுப்பதல்ல மார்ஃபின், வலி வருவதற்கு முன் மணி பார்த்துக் கொடுப்பது என்று நம் சேச்சி ஆறு வாரமும் ஓதினாரே, அதை நான் ஒரு வரியில் முடித்துவிட்டேன்.

கடைசித் தவணையாக ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு 84 மாத்திரைகள் கொடுத்தேன். அடுத்த வியாழன் போனபோது பகல் இரண்டு மணி. மூன்று விரல் காட்டினார். வலி கட்டுக்குள் இருக்கிறது என்று எழுதிக்கொண்டேன். கட்டில் விளிம்பில் அவருடைய இடது கட்டை விரல் ஓயாமல் உரசிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிந்தது. பார்த்தேன், கேட்கவில்லை. வெளிக்குப் போவதில் இப்போது தொந்தரவே இல்லை என்று அம்மா சொன்னார். மார்ஃபின் முழு அளவில் உள்ளே போகும் ஒருவருக்கு, மலமிளக்கியையும் நிறுத்திவிட்ட பிறகு, அது எப்படிச் சாத்தியம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இதையெல்லாம்விட, நான் அங்கே உட்கார்ந்திருந்த அந்த அரை மணி நேரத்தில் இரண்டு மணி வேளை என் கண் முன்னாலேயே கடந்து போயிற்று. மாத்திரையை நுணுக்க யாரும் எழுந்திருக்கவில்லை. நான் டீயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, துக்கம் விசாரிக்கப் போனேன். மிச்ச மாத்திரையைத் திருப்பி வாங்கிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பதால் அம்மாவே டப்பாவை எடுத்து வந்தார். வாசல் திண்ணையில் துண்டை விரித்து எண்ணினேன். 25 இருக்க வேண்டும், 48 இருந்தன. தவறாக எண்ணிவிட்டேனோ என்று அட்டை அட்டையாக மறுபடியும் எண்ணினேன். 48தான். 23 மாத்திரைகள் கூடுதல். ஏறக்குறைய நான்கு நாள் மருந்து.

நான் தலை நிமிர்வதற்குள் அம்மாவே சொன்னார்: "நீ அலைஞ்சு அலைஞ்சு வாங்கியாற மாத்திரை தாயி, வீணாக்கலாமா? ரொம்ப முனகுனாத்தான் குடுத்தேன். ராத்திரிக்கு ஒண்ணு போதும்னு அவரே கையைக் காட்டிருவாரு. கணக்கு சரியா இருக்கா?"

அதில் குற்றத்தை மறைக்கும் தொனி துளியும் இல்லை. ரேஷன் சீனியை மிச்சம் பிடித்த ஒரு பெண்ணின் பெருமைதான் இருந்தது. எனக்கு உதவி செய்ததாகவே அவர் நினைத்திருக்கிறார். ஐயாவும், குழாயில் ஏறும் டீக்குக் கூடச் சீனி பார்த்தவர், தன் வலியில் மட்டும் எனக்காகச் சிக்கனம் பிடித்திருக்கிறார்.

"சரியா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன்.

பதிவேட்டில் உள்ளபடி 48 என்றே எழுதினேன், டாக்டரிடமும் காரணத்தைச் சொன்னேன். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் டப்பாவைத் திறந்து எண்ணுகிறேன். சுவர்க் கடிகாரம் ஓடுகிறதா என்று பார்க்கிறேன். தீர்ந்தால் வாங்கிவருவது என் பாடு, மிச்சம் பிடித்தால்தான் எனக்குக் கோபம் வரும் என்று சொல்லிக் கொடுக்கிறேன். இதெல்லாம் பிறகு வந்த புத்தி. ராத்திரியில் விழிப்பு வரும்போது அந்தக் கட்டை விரல்தான் கண் முன் நிற்கிறது. அந்த மூன்று விரல் உண்மையில் எத்தனை என்று இனி யாரிடம் கேட்பது?

ஆனால் உன்னிடம் நான் கேட்க வந்தது வேறு. திங்கட்கிழமை பதினாறாம் நாள் காரியம். கட்டாயம் வர வேண்டும் என்று அம்மா ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறார். போனால் என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசி நாட்களில் அவர் ரொம்பக் கஷ்டப்பட்டாரா தாயி என்று கேட்பார். செவ்வாய்க்கிழமையே பாதி கேட்டு நிறுத்திவிட்டார். தெரிந்தால் அந்த அம்மா மிச்ச ஆயுளை எப்படிக் கழிப்பார் என்று ஒரு மனம் சொல்கிறது. குற்றம் என்னுடையது, என் வார்த்தையால் வந்தது என்று அவரிடம் சொல்லாமல் அவர் போடும் சாப்பாட்டை எப்படிச் சாப்பிடுவது என்று இன்னொரு மனம் கேட்கிறது. மேட்ரனிடமே முகத்துக்கு நேராக உண்மையைச் சொல்லி மூன்று இரவு ட்யூட்டி வாங்கியவள் நீ. உனக்கு இதில் ஒரு கருத்து இல்லாமல் இருக்காது.

தம்பி ஞாயிறு இரவே இதைக் கொடுத்துவிடுவான். தூக்கம் வந்தாலும் படித்துவிடு. திங்கள் காலை ஒன்பது மணிக்கு நான் வீட்டை விட்டுக் கிளம்புகிறேன், அதற்குள் கூப்பிடு. எனக்கு ஒன்பது என்றால் உனக்கு ஏழரைதான், தெரியும். ஆனாலும் கூப்பிடு.

உன்,
சாந்தி