உறைநிலைக் கிம்பாப் செய்வோருக்கும் விற்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கொரிய உணவு நிறுவனத்தாருக்கும், அவர்களின் சரக்கை இறக்குமதி செய்து விற்கும் அமெரிக்கப் பேரங்காடியினருக்கும்,

வணக்கம். 2023 ஆகஸ்டில் டிரேடர் ஜோஸ் என்ற அமெரிக்கப் பேரங்காடியின் கடைகளில் 3.99 டாலர் விலையிட்டு வந்த 230 கிராம் கிம்பாப் (சோற்றையும் உள்ளீட்டையும் கடற்பாசித் தாளில் சுருட்டிய கொரியப் பண்டம்) சில வாரங்களிலேயே அலமாரிகளிலிருந்து காணாமல்போனதும், அதைச் செய்து அனுப்பிய குமி நகரத்து ஆல்காட் நிறுவனத்தின் பெயர் அதன்பின் கொரியாவெங்கும் பேசப்பட்டதும் நீங்கள் நன்கறிந்தவை. அதன் பிறகு கொரிய மளிகைக்கடைகளிலும் மொத்தவிலை அங்காடிகளிலும் இந்த அரிசிச் சுருளுக்கென்றே உறைபெட்டியில் தனி வரிசை ஒதுக்கப்பட்டுவிட்டது. அந்த வரிசையில் கிடைப்பவற்றை வாங்கி, ஒரே மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கி, அருகருகே வைத்துத் தின்று பார்க்கும் வழக்கமுடைய ஒரு வாடிக்கையாளனாக இம்மடலை எழுதுகிறேன். உங்கள் உறைகளின் மேல் நீங்கள் அச்சிடும் செய்தியும், அச்சிடாமல் விடும் செய்தியுமே என் முறையீட்டின் பொருள்.

உறையின் முகப்பில் நீங்கள் விளம்பரப்படுத்துவது எப்போதும் உள்ளீட்டைத்தான். காரக் கிம்ச்சி (புளிக்கவைத்த காய்கறி), டூனா மீன் மயோனைஸ், ஜாப்சே (சேமியாப் பண்டம்), சீஸ் என்று பெயர்கள் பெருகிக்கொண்டே போகின்றன. ஆனால் ஒப்பிட்டுத் தின்பவருக்கு முதலில் தெரியும் வேறுபாடு சோற்றில் இருக்கிறது. நல்ல சுருளில் பருக்கைகள் தனித்தனியே தெரிந்தும் ஒன்றையொன்று பற்றியும் நிற்கின்றன. நல்லெண்ணெயும் உப்பும் ஒவ்வொரு பருக்கையிலும் ஏறியிருக்கின்றன. மட்டமான சுருளில் விளிம்புச் சோறு நறுக்கென்று கடிபடுகிறது, நடுச்சோறு களியாகிவிடுகிறது. உள்ளே எதை வைத்தாலும் அந்தச் சோற்றை அது காப்பாற்றுவதில்லை.

இதற்குக் காரணம் மாவுச்சத்தின் இயல்பு. வெந்து இளகிய மாவுச்சத்து, ஆறும்போது மறுபடி ஒழுங்காக அடுக்கிக்கொண்டு இறுகுகிறது. அந்த இறுக்கம் மிக விரைவாக நடப்பது ஆழ்ந்த உறைநிலையில் அன்று, சுழியத்துக்குச் சற்று மேலே, நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலையில்தான். இரவு மிஞ்சிய சோற்றைப் பெட்டியில் வைத்துக் காலையில் எடுத்த எவருக்கும் இது தெரியும். கழித்தல் 18 டிகிரி செல்சியஸில் அந்த இயக்கம் ஏறத்தாழ நின்றுவிடுகிறது. ஆகவே சுருளை விரைவாக உறையவைத்துவிட்டு, உண்ணும்போது விரைவாக, சுமார் 60 டிகிரியைத் தாண்டச் சூடாக்கினால் சோறு மீண்டும் மென்மையாகிறது. இடைப்பட்ட குளிரில் அதைத் தங்கவைப்பதுதான் கேடு. அவ்வாறிருக்க, நான் வாங்கிய ஓர் உறையின் பின்புறத்தில், முதல் நாள் இரவே குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றி இளகவைத்து அப்படியே உண்ணலாம் என்று அச்சிட்டிருந்ததைக் கண்டு வியந்தேன். தொழிற்சாலையில் பெரும் பொருள் செலவிட்டு விரைவுறைவு செய்து தவிர்த்த இறுக்கத்தை, வாங்குபவரின் கையாலேயே வரவழைக்கும் அறிவுரை அது. அந்த வரியை நீக்கிவிட்டு, இளகவைக்காமல் உறைந்தபடியே சூடாக்கவும் என்று பெரிய எழுத்தில் போடுங்கள்.

சூடாக்கும் குறிப்பிலும் குறை உண்டு. இரண்டு நிமிடம் என்று மட்டும் போட்டு, எத்தனை வாட் அடுப்பில் என்பதை விட்டுவிடுகிறீர்கள். 700 வாட் அடுப்பு இரண்டு நிமிடத்தில் கொடுக்கும் வெப்பம், 1,100 வாட் அடுப்பு கொடுப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. அது மட்டுமன்று; மைக்ரோவேவ் அலைகளைப் பனிக்கட்டி மிகக் குறைவாகவும் நீர் மிக அதிகமாகவும் உறிஞ்சுவதால், முதலில் இளகிய விளிம்பு மேலும் மேலும் சூடேறிக் காய்ந்துபோக, நடுத்துண்டு இன்னும் பனியாகவே இருக்கும். துண்டுகளை நெருக்கி அடுக்காமல் தனித்தனிப் பள்ளங்கள் உள்ள தட்டில் வைத்து அனுப்புவோர் இதை உணர்ந்தவர்கள். அந்தத் தட்டுக்காகவே ஒரு பொருளை மறுபடி வாங்கியிருக்கிறேன். ஏனையோர், வாட் அளவையும், ஈரத்தாளால் மூடுவதையும், அடுப்பை நிறுத்தியபின் ஒரு நிமிடம் ஆறவிடுவதையும் மூன்று வரிகளில் எழுதிவிட்டால் போதும். கடற்பாசித் தாளைப் பற்றி ஒரு சொல்: உறைந்து இளகிய தாள் மொறுமொறுப்பாக இருக்க வழியில்லை. கிம்பாப்புக்கென்று செய்யப்படும் தடித்த தாளைச் சுற்றினால் கிழியாமலாவது இருக்கும். உறைப்படத்தில் மட்டும் மொறுமொறுப்பைக் காட்டுவது வேண்டாம்.

உள்ளீடுகளில் உறைநிலையைத் தாங்குபவை எவை, தாங்காதவை எவை என்பது ஒப்பிட்டுத் தின்றால் எளிதில் விளங்கும். சோயாவிலும் சர்க்கரையிலும் வற்றவைத்த பர்டாக் என்ற வேர்க்கிழங்கு நார்ச்சத்து மிகுந்து நீர் குறைந்திருப்பதால் ஏறத்தாழ மாறாமல் வருகிறது. பொரித்த டோஃபு (சோயாப்பால் கட்டி) உறைவதால் கெடுவதில்லை. பஞ்சுபோலாகிச் சாற்றைக் கூடுதலாகவே பிடித்துக்கொள்கிறது. கொரிய இறைச்சிப் பண்டங்களுக்கு அமெரிக்கா விதித்துள்ள இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் நீங்கள் டோஃபுவைத் தேர்ந்தீர்கள் என்பதை அறிவேன். கட்டாயத்தால் பிறந்த அந்தச் சுருளே இன்றுவரை இந்த வரிசையில் மிகச் சிறந்தது என்பது என் தீர்ப்பு. மயோனைஸ் உறைந்தால் எண்ணெய் பிரிகிறது; டூனா சுருளின் அடியில் தேங்கும் பிசுக்குக்கு அதுவே காரணம். ஜாப்சேயின் சர்க்கரைவள்ளி மாவுச் சேமியாவும் சோற்றைப் போலவே இறுகும் பொருளாதலால், சூடு போதாத இடத்தில் இரண்டும் சேர்ந்து கெட்டியாகின்றன. புதிதாகச் சுருட்டும் கிம்பாப்பில் பலர் விரும்பும் வெள்ளரிக்காயை நீங்கள் தவிர்த்திருப்பது சரியான முடிவு. சீஸைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

சைவ உணவினரின் பொருட்டும் ஒன்று கேட்கவேண்டும். அமெரிக்கச் சட்டப்படி மீன், ஓட்டுடலிகள், முட்டை, பால், சோயா, கோதுமை ஆகியவற்றோடு, 2023 ஜனவரி முதல் எள்ளையும் ஒவ்வாமைப் பொருளாக நீங்கள் குறிப்பிட்டே ஆகவேண்டும், குறிப்பிடவும் செய்கிறீர்கள். ஆனால் அது பின்புறத்தில் பொடி எழுத்தில் இருக்க, முன்புறத்தில் பச்சை இலைப்படமும் காய்கறி என்ற சொல்லும் பளிச்சிடுகின்றன. காய்கறிக் கிம்பாப் என்ற பெயருள்ள பொருளில் முட்டைப்பட்டையோ மீன் பிசைவோ இருக்கலாம். கிம்ச்சியில் மீன்சாறோ உப்பிட்ட இறாலோ சேர்ப்பது உங்கள் ஊர் வழக்கம். அதில் எனக்குக் குறையில்லை. எங்கள் வீட்டு விருந்தினர்களில் முட்டைகூடத் தொடாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக முன்புறத்திலேயே, இது முழுச் சைவம் அல்லது இதில் முட்டை உண்டு, மீன் உண்டு என்று ஒரு வரி இட்டால், ஒவ்வொரு உறையையும் திருப்பிக் கண்ணைச் சுருக்கிப் படிக்கும் வேலை மிச்சமாகும்.

கொரியாவில் ஒரு பொருளின் பெயரில் இடம்பெறும் மூலப்பொருள் எத்தனை விழுக்காடு என்று முகப்பிலேயே அச்சிடவேண்டும் என்ற விதி இருக்கிறது. அமெரிக்காவுக்கு வரும் உறையில் அந்த எண்ணைக் காணோம். மூலப்பொருள்களின் எடை வரிசை மட்டுமே உண்டு. இரண்டு டூனா சுருள்களில் ஒன்றில் மீன் தாராளமாகவும் மற்றொன்றில் பெயரளவிலும் இருப்பதை, பணம் கொடுத்துத் தின்ற பிறகே அறியவேண்டியிருக்கிறது. உள்நாட்டு வாடிக்கையாளருக்குச் சொல்லும் அதே எண்ணை எங்களுக்கும் சொல்லுங்கள். செய்த நாளையும் சேர்த்துப் போடுங்கள். குழந்தைகளுக்கான பால்மாவைத் தவிர வேறெந்த உணவுக்கும் நாள் குறிக்க அமெரிக்க நடுவண் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை என்பதால், உறையில் காணும் நாள் உங்கள் விருப்பப்படி இட்டதே. ஆகவே கூடுதலாக ஒன்றை இடுவதற்கும் தடையில்லை.

இறுதியாகப் பேரங்காடியினருக்கு. கப்பலில் பழுதின்றி வந்த சுருள், கிடங்குக்கும் அலமாரிக்கும் இடையே சற்று இளகி மறுபடி உறைந்தால் போதும், பனிப்படிகங்கள் பெருத்துக் காய்கறி குழைந்துவிடும். சோறும் அந்த ஆபத்தான வெப்பநிலையை இருமுறை கடந்துவிடும். தட்டின் உட்புறம் வெண்பனி படர்ந்திருப்பது அதற்கு அடையாளம். அத்தகைய உறைகளை விலை குறைத்து விற்காதீர்கள், அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள். திறந்த தொட்டி வகை உறைபெட்டிகளில் சுருள்களை விளிம்புக்கு மேல் குவிக்கவேண்டாம். மேலடுக்கில் இருப்பவற்றைப் பகல் முழுவதும் வாடிக்கையாளர் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பெரும்பாலும் அதில் முட்டை உண்டா என்று தேடி.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன்