தீவுகளில் சாப்பிட ஒன்றும் கிடைக்காதாம்!

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையோடு வந்த விடுமுறைச் சிறப்பிதழில், யாழ்ப்பாணத்துக்குச் சுற்றுலா வருகிறவர்கள் எங்கே சாப்பிடலாம் என்று இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். மலாயன் கபேயின் வாழையிலைச் சாப்பாடு, நல்லூரடியில் றியோ ஐஸ்கிறீம், திருநெல்வேலி அம்மாச்சி உணவகம் எல்லாம் இருந்தன. சரி, அவை இல்லாமல் யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. தீவுப்பகுதிக்கு மட்டும் ஒரே வரி. தீவுகளில் சாப்பிட ஒன்றும் கிடைக்காதாம், பட்டணத்திலிருந்தே கட்டிக்கொண்டு போவது நல்லதாம்.

நான் புங்குடுதீவில் இருக்கிறவள். இவ்வளவு காலமும் காற்றைக் குடித்துத்தான் உயிரோடு இருக்கிறோமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

உங்கள் நிருபர் நயினாதீவுக்காவது போனாரா? எங்கள் தீவின் குறிகாட்டுவான் இறங்குதுறையில் படகு ஏறினால் ஏறக்குறைய இருபது நிமிடம். நாகபூசணி அம்மனைக் கும்பிட்டுவிட்டு மத்தியானம் அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் போய் இருந்தால், யார் எவர் என்று கேட்காமல் சோறு போடுவார்கள். நாகதீப விகாரைக்கு வந்த சிங்களச் சனமும் அந்தப் பந்தியில் இருந்து சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்று திருவிழாக் காலத்தில் எழுதுகிறவர்களும் நீங்கள்தானே. ஆனியில் அள்ள அள்ளக் குறையாத பாத்திரம், ஆவணியில் ஒன்றும் கிடைக்காத தீவு!

சமைத்துப் போடுவதைப் பற்றித் தீவாருக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. தென்னிலங்கையில் தீவகத்தார் சாப்பாட்டுக் கடை போடாத பட்டணம் இருந்ததா என்று உங்கள் அலுவலகத்தில் வயதானவர் யாரும் இருந்தால் கேட்டுப் பாருங்கள். என் ஐயா கொழும்பில் சைவக் கடை வைத்திருந்தார். 1958 கலவரத்தில் ஒருமுறை பூட்டிவிட்டு ஊருக்கு ஓடி வந்தார், 1977இல் இன்னொரு முறை. 1983 ஜூலையில் பூட்டுவதற்குக் கடையே இருக்கவில்லை. அப்புறம் 1991இல் போரால் ஊரே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான், மற்ற வீடுகளின் திறப்புகள் பாரிசிலும் ரொறன்ரோவிலும் இருக்கின்றன. பெயர்ப்பலகை தொங்குகிற ஹோட்டல்கள் இங்கே ஏன் குறைவு என்று இரண்டு வரி எழுதியிருந்தால் நான் பேனையை எடுத்திருக்க மாட்டேன்.

நண்டுக்கறிக்கு மட்டும் அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள், அதுவும் பட்டணத்து ஹோட்டல்களுக்கு. நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்குக் கொடியேறி, பாதிச் சனம் விரதம் பிடிக்கிற நாட்களில் அதை ஏன் போட்டீர்கள் என்பது வேறு கதை. தம்பியின் பிள்ளைகள் கனடாவிலிருந்து வந்தபோது பட்டணத்தில் ஒரு பெரிய இடத்துக்கு அழைத்துப் போனார்கள். யாழ்ப்பாண நண்டுக்கறி என்று வந்தது இனித்தது. சோஸ் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டுத் தூளின் வாசம் அந்தத் தட்டின் பக்கத்திலும் வரவில்லை. பில்லைப் பார்த்துத் தம்பி பேசாமல் இருந்துவிட்டான், எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. இங்கே கரைக்கு வருகிற நீலக்கால் நண்டு நிறுத்து, ஐஸ் போட்டு, வெளிநாட்டுக்குப் போகிறது. மிஞ்சியிருக்கிற வலைகளை இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டு போகின்றன. இழுவைமடிக்குத் தடை வந்தது 2017இல் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

தீவில் உண்மையில் எப்படிச் சாப்பாடு கிடைக்கிறது என்று இனி நானே சொல்லிவிடுகிறேன். என் மச்சாள் ஒருத்தி வீட்டில் சமைத்துக் கொடுக்கிறாள். "அக்கா, நாளைக்கு ஆறு பேர் வாறம், கூழ் காய்ச்சி வைப்பீங்களோ?" என்று முதல் நாள் பின்னேரம் யாராவது போன் எடுத்தால் போதும். காயவைத்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவை ஊறவைத்து, தெளிந்த நீரை ஊற்றிவிட்டு, மறுபடி ஊறவைத்துக் காறல் போக எடுக்க வேண்டும். விடிய நண்டும் இறாலும் மீன்தலையும் வாங்க வேண்டும். பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை, அரைத்த செத்தல் மிளகாய், பழப்புளி எல்லாம் சேர வேண்டும். இதைப் படகால் இறங்கி வந்து பத்து நிமிடத்தில் கேட்டால் யார் தருவது? யாரும் வராவிட்டாலும் பரவாயில்லை என்று சமைத்து வைக்கவும் முடியாது. சோளகக் காற்றுக் கிளம்பினால் நெடுந்தீவுப் படகு ஓடுமா என்பதே காலையில்தான் தெரியும். ஓடாவிட்டால் அவ்வளவு கறியும் நாய்க்குத்தான்.

கூழ் வேண்டாதவர்களுக்குச் சோறும் திருக்கை வறையும் கணவாய்க் கறியும் சொதியும் இருக்கும். எந்தெந்த வீட்டில் சமைப்பார்கள் என்பது குறிகாட்டுவானில் நிற்கிற வான்காரத் தம்பிமாருக்கும் படகுக்காரருக்கும் தெரியும். உங்கள் நிருபர் அவர்களில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை என்பது எழுத்திலேயே தெரிகிறது.

இதை நம்பிக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் சாப்பிட்ட பிறகு லஞ்ச் சீற்றையும் தண்ணீர்ப் போத்தலையும் கரையில் எறிந்துவிட்டுப் போகிறார்கள். பட்டணத்துக் கடைக்குக் காசு, எங்களுக்குக் குப்பை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த சிறப்பிதழில் "தீவுகளில் முதல் நாளே சொல்லிவைத்தால் வீட்டுச் சாப்பாடு கிடைக்கும்" என்று ஒரு வரி போடுங்கள். முன்பு ஒருமுறை, வயதானவர்கள் இறங்குதுறையில் வெயிலில் நிற்பதைப் பற்றி நான் ஒரு பக்கம் எழுதி அனுப்ப, நீங்கள் அதைச் சுருக்கி "குறிகாட்டுவானில் வசதி தேவை" என்று போட்டீர்கள். இதையும் சுருக்குவீர்கள், பரவாயில்லை. அந்த ஒரு வரியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகி,
புங்குடுதீவு