சாந்திக்கு: உன் பின்ச் குருவி ரெண்டும் பெண்ணுதான்

அன்புள்ள சாந்தி,

நல்லா இருக்கியா டி, அண்ணனுக்கு சுகர் இப்ப கன்ட்ரோல்ல இருக்கா, உங்க அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் தை மாசத்துக்கு தள்ளிப்போச்சுன்னு சொன்ன, அதுவும் நல்லதுக்குத்தான், இந்த மழையில வயசானவங்கள கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு அலைய முடியாது. இங்க எல்லாரும் சுகம். சின்னவளுக்கு ஓசூர்ல வேலை கிடைச்சு போயிட்டா, வீடு வெறிச்சுனு இருக்கு, கூண்டுல பின்ச் குருவிங்க இருக்கறதால பொழுது போகுது.

உன் ரெண்டு பின்ச்சும் ஆண் பெண் ஜோடிதானான்னு கேட்டு நீ அனுப்புன போட்டோவ பெருசு பண்ணி பண்ணி பாத்தேன். ரெண்டுமே பெண்ணு டி. கடையில ஜோடின்னு சொல்லித்தான் குடுத்திருக்காங்க, ஆனா கன்னத்துல ஆரஞ்சு வட்டம் ரெண்டுக்குமே இல்ல, தொண்டையில இருந்து நெஞ்சு வரைக்கும் வர்ற வரிவரியான கோடு இல்ல, இறக்கைக்கு கீழ விலாவுல செம்பழுப்புல வெள்ளப்புள்ளி இருக்கணும் அதுவும் இல்ல. சாதாரண சாம்பல் கலர் ஜீப்ரா பின்ச்சுல இந்த மூணும் ஆணுக்கு மட்டும்தான் வரும். கண்ணுக்கு கீழ கண்ணீர் வழியற மாதிரி கறுப்பு கோடு இருக்கே, அத வச்சு முடிவு பண்ணாத, அது ரெண்டு பேருக்கும் உண்டு. போட்டோவ விட எனக்கு சந்தேகமே இல்லாம பண்ணுனது நீ சொன்ன முட்டைக் கணக்குதான். ஒரு பெண் குருவி நாளைக்கு ஒண்ணு வீதம், மொத்தம் நாலுல இருந்து ஆறு முட்டை வைக்கும், கூண்டுல கூடா வச்சிருக்கற உன் பானையில ஒரே நாள்ல ரெண்டு முட்டை விழுந்து இப்ப பத்துக்கு மேல கிடக்குன்னா ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே பானையில வைக்கிறாங்கன்னு அர்த்தம்.

ஒண்ணு மாத்தி ஒண்ணு அடை உக்காருது அதனால ஜோடிதான்னு உன் பையன் சொன்னான்னு எழுதியிருந்த. அத வச்சு சொல்ல முடியாதுப்பா. பின்ச்சுல ஆணும் அடை உக்காரும், ராத்திரி ரெண்டும் பானைக்குள்ளேயே தூங்கும், நல்ல முட்டையா இருந்தா 12ல இருந்து 14 நாள்ல பொரிஞ்சிடும். ஆண் இல்லாத வீட்ல ரெண்டு பெண்ணும் அதே மாதிரி முறை போட்டு உக்காரும், பாவம் எத்தனை நாள் உக்காந்தாலும் அது கருக்கூடாத முட்டைதானே.

இதுல எனக்கு ஒரு பெரிய கவலை இருக்கு, அதான் போன்ல சொல்லாம இவ்வளவு நீளமா எழுதறேன். பொரியாத முட்டைய நீ எடுத்து போட்டா மறுபடி வைக்கும், பானையும் கூடு கட்ட நாரும் இருக்கற வரைக்கும் வச்சுக்கிட்டே இருக்கும், ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் அதோட உடம்புல இருக்கற கால்சியம்தான் போகுது. இவ்ளோண்டு உடம்பு, 12 கிராம் 15 கிராம்தான் இருக்கும். கால்சியம் கொறஞ்சா முட்டை உள்ளயே மாட்டிக்கும், குருவி உப்பிக்கிட்டு கூண்டுத் தரையில உக்காந்திடும், அப்படி பாத்தா உடனே சூடா ஒரு இடத்துல வச்சு பறவை பாக்குற டாக்டர்கிட்ட கொண்டு போகணும், சாயங்காலம் பாத்துக்கலாம்னு விடக்கூடாது. அதனால மொதல்ல அந்த பானைய எடுத்துடு, நார் துணி எதுவும் போடாத. கால்சியத்துக்கு கடல் நுரை, அதான் கணவாய் ஓடு, ஒரு துண்டு கூண்டு கம்பியில சொருகி வை, கோழி முட்டை ஓட்ட வேகவச்சு காயவச்சு பொடி பண்ணியும் வைக்கலாம்.

அடுத்து ஆண் வாங்கப் போறேன்னியே, அதுக்கு சொல்றேன். கலர் தெரியற குருவின்னா சுலபம், வெள்ளை பின்ச்னா கன்னமும் இல்ல வரியும் இல்ல, மூக்க மட்டும்தான் பாக்கணும். ஆணுக்கு மூக்கு ரத்தச் செவப்பு, பெண்ணுக்கு வெளிறுன ஆரஞ்சு. கடை டியூப்லைட்ல ரெண்டும் ஒண்ணு போல தெரியும், வாசலுக்கு வெயிலுக்கு கொண்டு வந்து ரெண்டு குருவிய பக்கத்து பக்கத்துல வச்சு பாரு, அப்ப வித்தியாசம் பளிச்னு தெரியும். மூக்கு இன்னும் கறுப்பா இருந்தா அது குஞ்சு, அத ஆணுன்னோ பெண்ணுன்னோ யாராவது அடிச்சு சொன்னா நம்பாத, ஏன்னா ஆண் குஞ்சும் மொதல்ல அம்மா மாதிரியேதான் இருக்கும், ஒண்ணரை மாசம் வாக்குல கன்னத்துல லேசா கலர் எட்டிப்பாக்கும், முழு கலர் வர மூணு மாசம் ஆகும்.

ஆனா கண்ண விட காத நம்பு சாந்தி. ஜீப்ரா பின்ச்சுல பாடறது ஆண் மட்டும்தான். பெண்ணும் கத்தும், கூப்பிடும், ஆனா பாட்டு வராது. ஆண் பாடறப்ப திருவிழா பீப்பீய விட்டு விட்டு ஊதுற மாதிரி இருக்கும், அதே வரிசைய திரும்ப திரும்ப சொல்லும், ஒவ்வொரு ஆணுக்கும் தனி மெட்டு, பெரும்பாலும் அப்பன்கிட்ட கேட்டு கத்துக்கிட்டதா இருக்கும். இது வெறும் பழக்கம் இல்லையாம், 1976ல நோட்டெபாம், ஆர்னால்ட்னு ரெண்டு விஞ்ஞானிங்க மூளைய ஆராய்ஞ்சு பாத்து, பாட்டுக்குன்னு இருக்கற பகுதி ஆணுக்கு பெண்ண விட ரொம்ப பெருசா இருக்குன்னு எழுதியிருக்காங்க. 2003ல இன்னொரு அதிசயம் வெளிவந்துச்சு, ஒரே ஜீப்ரா பின்ச் வலது பாதி ஆண் இறகு, இடது பாதி பெண் இறகு, அது பாடவும் செஞ்சுதாம். படிச்சதுல இருந்து ஒவ்வொரு குருவியவும் ரெண்டு பக்கமும் திருப்பி பாக்கற பழக்கம் எனக்கு வந்துடுச்சு.

நீ ஆசைப்பட்ட பெங்காலி பின்ச்சுக்கு காது ஒண்ணுதான் வழி. அதுல ஆண் பெண் அச்சு அசலா ஒண்ணு போல இருக்கும், மூக்கு தலை வாலு எதுலயும் பிடிபடாது. நான் பண்றது என்னன்னா, காலுக்கு ஒவ்வொரு கலர் ரிங் போட்டுட்டு ஒவ்வொண்ணா தனிக்கூண்டுல ராத்திரி பூரா வச்சிடுவேன், காலையில இன்னொரு குருவி பக்கத்துல கொண்டு போய் விட்டா ஆணா இருந்தா நெஞ்சு முடிய உப்பிக்கிட்டு, கழுத்த நீட்டிக்கிட்டு, கம்பியில குதிச்சு குதிச்சு பாடும், சத்தம் ரொம்ப சன்னமா இருக்கும், ஃபேன ஆஃப் பண்ணிட்டு கேளு. பாடிட்டா ஆண், அதுல மாத்தம் இல்ல. பாடலைன்னா உடனே பெண்ணுன்னு முடிவு கட்டாத, நாலஞ்சு நாள் விட்டு மறுபடி வச்சு பாரு, கூச்சப்படற ஆணும் இருக்கு. பொறுமை இல்லைன்னா ஒண்ணு ரெண்டு இறகு எடுத்து டிஎன்ஏ டெஸ்ட்டுக்கு அனுப்பலாம்.

அப்புறம், சந்தையில யாராவது சில்லைக் குருவிக்கு பச்சை, மஞ்சள்னு சாயம் அடிச்சு விலை மலிவா குடுத்தா தயவுசெஞ்சு வாங்காத. அது வயக்காட்டுல பிடிச்ச நம்ம ஊர் பறவை, வீட்ல வளக்கறது சட்டப்படி குத்தம், அதோட பிடிபட்டு வர்றதுல நெறைய வழியிலேயே செத்துப்போகுது.

உனக்கு ஆண் வாங்க வேற எங்கயும் அலைய வேணாம். என்கிட்ட நாலு மாசத்துக் குஞ்சு ஒண்ணு இருக்கு, கன்னம் நல்லா கலர் வந்திடுச்சு, பாடவும் ஆரம்பிச்சிடுச்சு. பானைய எடுத்து ஒரு மாசம் உன் ரெண்டு பெண்ணுங்களுக்கும் ரெஸ்ட் குடு, தீபாவளிக்கு திருச்சி வரும்போது நான் கையோட கொண்டு வர்றேன். ஆனா ஒரு ஆணுக்கு ரெண்டு பெண்ணு ஒரே கூண்டுல விட்டா சண்டை வரும், இன்னொரு கூண்டு இப்பவே பாத்து வை. அத்தைய கேட்டதா சொல்லு.

அன்புடன்,
மீனா